இரண்டு சென்டிமீட்டர் ஓரம்

முதலாண்டில் எங்களுக்குக் கொடுத்த முதல் அசைன்மென்ட், கறுப்பிலிருந்து வெள்ளை வரை பத்துப் படிகள். ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், போஸ்டர் கலர், எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் ஓரம். நான்கு இரவு உட்கார்ந்து செய்தேன். ஆறாவது கட்டத்துக்கும் ஏழாவதற்கும் வித்தியாசம் வரவே மாட்டேன் என்றது. ஈரத்தில் சரியாகத் தெரிகிற சாம்பல் காய்ந்ததும் வேறாகிவிடும். மறுபடி கலக்க வேண்டும். தாள் திரும்பி வந்தபோது படிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இடது ஓரம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவு என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். வகுப்பில் நாற்பது பேர். நாற்பது தாள்களையும் சுவரில் ஒட்டியபோது, எது என்னுடையது என்று அறிய மூலையில் இருந்த பெயரைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

ஓவியமோ வடிவமைப்போ படித்த யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இப்படி ஒரு தாள் வெளியே வரும். ஒருவருக்குப் பன்னிரண்டு பாக வண்ணச் சக்கரம். இன்னொருவருக்கு நான்கு கறுப்புச் சதுரங்களை மட்டும் வைத்து ஒழுங்கு, நெரிசல், இறுக்கம், விளையாட்டு என ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அமைப்பு. வேறொருவருக்குப் பானை, துணி, இரண்டு வாழைப்பழம். "எல்லாத்தையும் அவங்களே சொல்லிட்டா நான் எதுக்குடா வரையணும்?" என்று மாணவர் கேட்கிறார். "முதல்ல கை பழகட்டும், அப்புறம் உன் இஷ்டத்துக்குப் போடு" என்கிறார் ஆசிரியர். இந்த இரண்டு வாக்கியங்களும் கலைப் பள்ளிகளில் நூற்றாண்டுக்கும் மேலாக மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி இறுக்கமாக இருப்பதால் மட்டும் மாணவர் மனம் விட்டுப்போவதில்லை. விடை ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கிறது, அதைப் போய்த் தொடுவதுதான் தன் வேலை என்று தெரியும்போதுதான் விட்டுப்போகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அகாதெமிகளில் ஓர் ஏணி இருந்தது. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும். பிறகு பிளாஸ்டர் சிலைகள். அதையும் தாண்டியவருக்குத்தான் உயிருள்ள மாடல். அந்த ஏணியின் முதல் படிக்கென்றே ஓவியர் ஷான்-லெயோன் ஜெரோமின் துணையோடு சார்ல் பார்கு 1860களில் கல்லச்சுப் படங்களை வெளியிடத் தொடங்கினார். மூக்கு, காது, பாதம், கை என்று கோடு கோடாகப் பார்த்து நகலெடுக்க வேண்டிய தாள்கள் அவை. இதைவிடக் கட்டுப்பாடான பயிற்சியை யோசிப்பது கடினம். அதை ஆசிரியர் யாரும் சொல்லாமல், தானே தேடி வாங்கி, விடாமல் வரைந்தவர் வின்சென்ட் வான்கோ. 1880இல், ஓவியனாவது என்று முடிவெடுத்த காலத்தில், பார்குவின் தாள்கள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

அதே வான்கோ 1886 ஜனவரியில் ஆன்ட்வெர்ப் அகாதெமியில் சேர்ந்தார். அங்கேயும் பிளாஸ்டர் சிலைகளைத்தான் வரையச் சொன்னார்கள். மிலோவின் வீனஸ் சிலையை அவர் அகன்ற இடுப்புடைய ஒரு நாட்டுப்புறப் பெண்ணாக வரைந்தார் என்றும், ஆசிரியர் ஷிபெர்ட் அதைத் திருத்தப் போய்ப் பெரும் சண்டையானது என்றும் உடன் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சில வாரங்களில் வான்கோ பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். அகாதெமியோ அவரைத் தொடக்கநிலை வகுப்புக்கு இறக்குவதென்று முடிவு செய்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1890 ஜூனில், சாவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, ஓவேர் என்ற ஊரிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் பார்குவின் கரித்துண்டுப் பயிற்சிகளை அனுப்பச் சொன்னார். அந்த 60 தாள்களையும் மறுபடி ஒருமுறை வரைய நினைத்தார். விண்மீன்கள் சுழலும் இரவை வரைந்து முடித்த கை அது. பார்குவின் தாள் ஆன்ட்வெர்ப்பின் பிளாஸ்டரைவிட எந்த விதத்திலும் தளர்வானதில்லை. ஆனால் பார்குவின் முன் உட்கார்ந்தபோது, தன் கையில் என்ன குறைகிறது என்ற கேள்வி அவருடையதாக இருந்தது. ஆன்ட்வெர்ப்பில் வீனஸின் இடுப்பு எவ்வளவு அகலம் என்பதை ஷிபெர்ட் முன்பே முடிவு செய்திருந்தார்.

பிரெஞ்சு ஏணியின் நோக்கம் ஓவியரை உருவாக்குவது. ஆங்கிலேயர் கட்டிய ஏணியின் நோக்கம் வேறு. 1851 லண்டன் பெருங்கண்காட்சியை ஒட்டி, தங்கள் ஆலைத் துணிகளின் வடிவமைப்பு மட்டமாக இருக்கிறது என்ற கவலை அவர்களுக்கு வலுத்தது. அரசின் கலைக் கல்வியை நடத்திய ஹென்றி கோலும் ரிச்சர்ட் ரெட்கிரேவும் லண்டனின் தென் கென்சிங்டனை மையமாக வைத்து 23 கட்டங்கள் கொண்ட ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார்கள். கருவிகளால் நேர்கோடு போடுவதில் தொடங்கி வெளிக்கோடு, நிழல், பிளாஸ்டர், பூ, வண்ணம் என்று ஏறிப் போனால் கடைசியில்தான் மாணவர் சொந்தமாக ஒன்றை வடிவமைக்கலாம். பெரும்பாலானோர் அந்தக் கடைசிப் படியை எட்டவே இல்லை. 1854இல் வெளிவந்த டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் ஓர் அரசு அதிகாரி வகுப்பறைக்கு வந்து, சுவர்த்தாளில் குதிரைப் படம் கூடாது, கம்பளத்தில் பூ கூடாது என்று பிள்ளைகளை மிரட்டுவாரே, அவர் கோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவர்.

இதில் நான் நின்று பார்க்க விரும்புவது அதன் பணக் கணக்கை. 1860களில் பிரிட்டிஷ் கலைப் பள்ளிகளுக்கு அரசு தரும் பணம் தேர்வு முடிவுகளோடு கட்டப்பட்டது. மாணவர் எத்தனை படி தேறினாரோ அத்தனைக்குப் பணம். தேறினாரா என்று எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு தேர்வாளர் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றால், எல்லாத் தாள்களையும் ஒரே அளவுகோலில் வைக்க முடிய வேண்டும். ஒரே பிளாஸ்டர் தலையை மாதக்கணக்கில் புள்ளி புள்ளியாக நிழலிட்டு மெருகேற்றும் வழக்கம் இப்படித்தான் பெருகியது. கண்ணுக்கும் கைக்கும் அது என்ன தருகிறது என்று கேட்பாரில்லை. அதை ஒப்பிட்டு எண் போடலாம் என்பதே போதுமானதாக இருந்தது. அசைன்மென்ட் இறுகிப்போவதற்கு ஆசிரியரின் மனப்பாங்கைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்தக் காரணத்தைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து எண்ண வேண்டிய கட்டாயம் வந்தால், எண்ணுவதற்கு வசதியான பயிற்சியே தழைக்கும்.

அந்த ஏணி கப்பலேறி இங்கும் வந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளி, பம்பாயின் ஜே.ஜே. பள்ளி, கல்கத்தாவின் அரசுப் பள்ளி மூன்றிலும் தென் கென்சிங்டனின் சாயல் ஆழமாகப் படிந்தது. நம் அரசுத் தொழில்நுட்ப ஓவியத் தேர்வுகளில் வழங்கும் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்ற பெயர்களில் அந்தக் காலத்து வாசனை இன்னும் இருக்கிறது.

ஏணியை உதைத்துத் தள்ளினால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களில் ஆங்கிலேயக் கலை ஆசிரியர் ஈ.பி. ஹாவெல் முக்கியமானவர். சென்னைப் பள்ளியில் இருந்துவிட்டு 1896இல் கல்கத்தாவுக்குப் போன அவர், பிளாஸ்டர் நகல்களையும் ஐரோப்பிய முறையையும் ஓரங்கட்டி, இந்திய மரபை நடுவில் வைக்க முயன்றார். அதற்கு எதிராகக் கொதித்தவர்கள் மாணவர்கள். அவர்களில் ஒரு கூட்டம் வெளியேறி, ரணதாபிரசாத் குப்தா தலைமையில் 1897இல் ஜூபிலி ஆர்ட் அகாதெமியைத் தொடங்கியது. அகாதெமி ஓவியத்தைக் கற்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். அந்தத் திறமைதான் அவர்களுக்குப் பிழைப்பு. உன் நன்மைக்காகத்தான் இதைப் பிடுங்குகிறேன் என்று மேலிருந்து சொன்னது அவர்களுக்கு இன்னொரு கட்டளையாகவே கேட்டது. ஹாவெலின் நோக்கம் உயர்ந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால் விடுதலையையும் ஓர் அசைன்மென்ட் மாதிரிக் கொடுத்தால் மாணவருக்கு அதே வலிதான்.

கட்டுப்பாடே இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இதற்கு ஆய்வகம் வேண்டாம். நம் ஊர்த் தொடக்கப் பள்ளி ஒன்றில் வெள்ளைத் தாளைக் கொடுத்து "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓடு போட்ட ஒரு வீடு, பக்கத்தில் சாய்ந்த தென்னை, மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, வானத்தில் இரட்டை வளைவாய்ப் பறவைகள். மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பிள்ளையும் அதே இரண்டு மலையைத்தான் வரையும். வியன்னாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தைகளுக்கென்று தனி வகுப்பு நடத்தி, அவர்களை அவர்கள் போக்கில் விட வேண்டும் என்று போராடிய ஃபிரான்ஸ் சீஷெக்கின் மாணவர் படங்களைப் பார்த்தவர்களும், அவை ஒன்றுபோல ஒன்று இருப்பதைக் கவனித்தார்கள். அமெரிக்கக் கலைக்கல்வி ஆய்வாளர் ஆர்தர் எஃப்லண்ட் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு 'பள்ளிக் கலைப் பாணி' என்றே பெயர் வைத்தார். பள்ளிக்கு உள்ளே மட்டும் உயிர்வாழும் கலை அது. பார்க்கக் கட்டற்றதுபோல இருக்கும். எழுதப்படாத விதிகள் அதற்கும் உண்டு.

ஆகவே நான் நம்புகிற சோதனை எளிமையானது. வகுப்பின் எல்லாத் தாள்களையும் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும். பெயரை மறைத்துவிட்டால் யாருடையது எது என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்தப் பயிற்சி மூடிய பயிற்சி. அதில் விதி நூறு இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி.

இந்தச் சுவரை உண்மையிலேயே நன்றாகப் பயன்படுத்தியவர் யோசஃப் ஆல்பர்ஸ். 1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் தொடக்கநிலை வகுப்பை யோஹன்னஸ் இட்டென் உருவாக்கினார். பின்னாளில் அது ஆல்பர்ஸ் கைக்கு வந்தது. அவருடைய முதல் வகுப்பு ஒன்றை ஹான்னஸ் பெக்மன் என்ற மாணவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். இந்தத் தாளுக்கு மரியாதை கொடுங்கள், வீணாக்காதீர்கள், முடிந்தால் கத்தரி பசை எதுவும் இல்லாமல் இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சில மணி நேரம் கழித்து வந்தபோது கோட்டை, கப்பல், விமானம், முகமூடி எல்லாம் தயாராக இருந்தன. இவற்றையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று ஒதுக்கினார். ஹங்கேரியிலிருந்து வந்த ஓர் இளைஞர் தாளை நீளவாக்கில் மடித்து நிற்க மட்டும் வைத்திருந்தார். அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். படுத்தே கிடக்கும் மெல்லிய தாள், மடித்ததும் தன் விளிம்பில் தானே நிற்கிறது. தாளால் மட்டுமே முடிகிற காரியம் இது.

கோட்டை கட்டிய மாணவருக்கு அன்று எரிச்சல் வந்திருக்கும். வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த எரிச்சலும் ஓரம் குறைந்ததற்காக எனக்கு வந்த எரிச்சலும் ஒன்றல்ல. ஆல்பர்ஸ் கருவிகளைப் பறித்தார், விடையைப் பறிக்கவில்லை. விடையைத் தேட அவர்களை அனுப்பிவிட்டு அறையை விட்டே போனார். திரும்பி வந்து எது ஏன் நிற்கிறது என்று எல்லோர் முன்னாலும் பேசினார். நாஜிகளின் நெருக்குதலில் 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டதும் அமெரிக்காவின் பிளாக் மௌன்டன் கல்லூரிக்குப் போனார். அங்கும் பிறகு யேல் பல்கலைக்கழகத்திலும் அவர் வளர்த்த வண்ண வகுப்பு இன்னும் இறுக்கமானது. வண்ணம் கலக்கவே கூடாது, வண்ணத் தாள்கள் மட்டும்தான். ஒரே நிறத்தை இரண்டு நிறமாகத் தெரிய வைக்க வேண்டும். இரண்டு நிறங்களை ஒன்றாகத் தெரிய வைக்க வேண்டும். 1963இல் 'இன்டராக்ஷன் ஆஃப் கலர்' என்ற நூலாக வந்தது இதுதான். கேள்வி ஒன்று, விடைகள் எண்ணற்றவை.

அதே ஆசிரியரிடம் எல்லோரும் ஒரே மாதிரி இருந்ததாகச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினருக்கான முகாமில் அடைபட்டு, பிறகு அந்த வம்சாவளிக்காகவே ஆசிரியர் பயிற்சி முடிக்க முடியாமல் போன ரூத் அசாவா, 1946இல் பிளாக் மௌன்டனுக்கு வந்தார். ஒற்றைக் கம்பியை வளையம் வளையமாகப் பின்னி அவர் செய்த சிற்பங்களில், குறைந்த பொருளில் நிறையச் செய் என்ற ஆல்பர்ஸின் பாடம் கண்கூடு. 1948இல் வந்த ராபர்ட் ராஷென்பர்க் அந்த ஒழுங்கில் திணறினார். ஆல்பர்ஸுக்கும் அவரைப் பிடிக்கவில்லை. குப்பையிலிருந்து எடுத்த பொருள்களைக் கண்டபடி கோத்துத் தன் கலையை அமைத்துக்கொண்ட ராஷென்பர்க், பின்னாளில் தன் மிக முக்கியமான ஆசிரியர் ஆல்பர்ஸ்தான் என்றார். இதை எடுத்து வைத்துக்கொண்டு, திட்டுகிற ஆசிரியர் எல்லோரும் ஒருநாள் போற்றப்படுவார்கள் என்று ஆறுதல் தேடுவது தவறு. திணறியவர்களில் பெயர் வாங்கியவர் மட்டுமே நமக்குத் தெரிகிறார். விட்டுப் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. பிளாக் மௌன்டனில் எந்த வகுப்பும் கட்டாயமில்லை, மதிப்பெண் மாணவரிடம் சொல்லப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆல்பர்ஸின் கண்டிப்பு அந்தச் சூழலுக்குள் இருந்தது.

உளவியல் ஆய்வுகள் இந்த இடத்தில் உதவுகின்றன. 1984இல் வெளியான இரண்டைச் சொல்வேன். தெரசா அமபைலும் கிட்டோமரும் சிறு குழந்தைகளை ஒட்டுப்படம் செய்ய வைத்தார்கள். சிலருக்குப் பொருள்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு; மற்றவர்களுக்கு அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். யார் செய்தது என்று தெரியாத நடுவர்கள், தேர்ந்தெடுத்தவர்களின் படங்களில் படைப்பாற்றல் கூடுதல் என்று மதிப்பிட்டார்கள். இரண்டாவது ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. கோஸ்ட்னர், ரையன் முதலியோர் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வண்ணம் தீட்டச் சொன்னார்கள். சிந்தக் கூடாது, நிறம் மாற்றும் முன் தூரிகையைக் கழுவ வேண்டும் என்ற விதிகள் ஒரு பகுதியினருக்குக் கட்டளையாகச் சொல்லப்பட்டன. இன்னொரு பகுதியினருக்கு அதே விதிகள் காரணத்தோடு வந்தன. வண்ணத்தை அள்ளிப் பூசுவது ஜாலிதான், எங்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் இது வேண்டும், அதனால் சுத்தமாக வைத்துக்கொள்வோம் என்ற தொனியில். காரணம் கேட்ட பிள்ளைகள், விதியே சொல்லப்படாத மூன்றாவது பகுதிப் பிள்ளைகளைப் போலவே ஆர்வத்தோடும் அழகாகவும் வரைந்தார்கள். கட்டளை கேட்டவர்களின் ஆர்வமும் படமும் சோர்ந்தன. கட்டளை கேட்டவர்களுக்கும் காரணம் கேட்டவர்களுக்கும் விதி ஒன்றுதான்.

கல்லூரி வயதினரைப் பற்றிய ஆய்வு இவற்றுக்கு முந்தியது. கெட்செல்ஸும் சிக்சென்ட்மிஹாயும் சிகாகோ கலைப் பள்ளியில் 31 மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, 27 பொருள்களை முன்னே வைத்து, பிடித்ததை எடுத்து அடுக்கி ஒரு ஸ்டில் லைஃப் வரையச் சொன்னார்கள். சிலர் சட்டென்று இரண்டு மூன்றை எடுத்து வைத்து வரையத் தொடங்கினார்கள். சிலர் தொட்டார்கள், திருப்பினார்கள், அடுக்கிக் கலைத்தார்கள். எதை வரைவது என்பதிலேயே நேரம் செலவழித்த இந்த இரண்டாம் வகையினரின் படங்கள் நடுவர்களிடம் உயர்ந்த மதிப்புப் பெற்றன. சில ஆண்டுகள் கழித்தும் கலைஞர்களாக நின்றவர்கள் அவர்களில்தான் அதிகம். 1976இல் 'தி கிரியேட்டிவ் விஷன்' என்ற நூலாக இது வெளிவந்தது. பானையையும் வாழைப்பழத்தையும் ஆசிரியரே அடுக்கி வைத்துவிடும் வகுப்பில், அந்தத் தடவலுக்கும் தயக்கத்துக்கும் இடமே இல்லை. கேள்வியைக் கண்டுபிடிக்கும் வேலை வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

"சிற்ப சாஸ்திரத்தில் இல்லாத கட்டுப்பாடா?" என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உத்தம தசதாளம் என்ற அளவு முறையில் சிலையின் உயரம் 124 பாகம். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று எல்லாம் வகுத்திருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போனால் அந்த அளவு எப்படிக் கைக்கு வருகிறது என்று பார்க்கலாம். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதைப் பாகம் பாகமாக மடித்து, அந்த ஒடியோலையைக் கொண்டு மெழுகில் அளக்கிறார்கள். ஸ்கேல் கிடையாது. அரையடிச் சிலைக்கு ஓர் ஓலை, ஆறடிக்கு வேறு ஓலை. விகிதம் மாறாது; அளவுகோல் ஒவ்வொரு சிலைக்கும் புதிதாகப் பிறக்கிறது. பக்கத்தில் மூத்தவர் வேலை செய்துகொண்டிருப்பார். இந்த அளவு ஏன் என்பதைக் கற்பவர் அந்த மெழுகு உருவம் எழும்போது கண்ணால் காண்கிறார். வகுப்பறை அசைன்மென்டைச் சாஸ்திரத்தோடு ஒப்பிடுபவர்கள், அந்தப் பட்டறையில் விதியும் வேலையும் ஒரே இடத்தில் இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வடிவமைப்பில் கட்டுப்பாட்டைத் தவிர்க்கவும் முடியாது. இந்திய அரசு கேட்டதற்கிணங்க அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் எழுதிக் கொடுத்த 'இந்தியா ரிப்போர்ட்', 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாகக் காரணமானது. அதன் நடுவில் அவர்கள் நம் செம்பைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர், யார் கை, இடுப்பிலா தலையிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எப்படிச் சாய்கிறது, ஊற்றும்போது எப்படி விழுகிறது, தட்டினால் என்ன ஓசை, என்ன விலை என்று கேள்விகளாக அடுக்கிப் போகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டுப்பாடுதான். ஆனால் அவற்றைக் கேள்வியாகக் கேட்கும்போது, விடை யார் கையிலும் முன்கூட்டி இல்லை. 'ஒரு செம்பு வரைக, உயரம் 15 செ.மீ., நிழல் வலப்புறம்' என்ற அசைன்மென்டையும் இந்தப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

ஆசிரியர் பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாற்பது, அறுபது பேர் கொண்ட வகுப்பு. வாரத்துக்குச் சில மணி நேரம். செமஸ்டர் முடிவில் இன்டர்னல் மார்க். ஏன் இவனுக்கு 18, எனக்கு 14 என்று வந்து நிற்கும் மாணவர். ஓரத்தை அளந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆறாவது சாம்பலுக்கும் ஏழாவது சாம்பலுக்கும் நடுவில் இருக்கிற கண்ணின் உழைப்பை அளக்க முடியாது. 1860களின் தேர்வாளர் இருந்த அதே இடத்தில்தான் இன்றைய ஆசிரியரும் நிற்கிறார். அவரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த நிலையிலும் அவர் கையில் சில காரியங்கள் இருக்கின்றன. பத்துப் படிகளைப் போஸ்டர் கலரில் மட்டும்தான் செய்ய வேண்டுமா? கறுப்பு வெள்ளை அச்சில் வந்த பழைய பத்திரிகைத் துண்டுகளிலிருந்து தேடி ஒட்டச் சொன்னால், பார்வைக்கு அதே பயிற்சி. நாற்பது தாளும் நாற்பது விதமாக வரும். பானையையும் துணியையும் அடுக்கும் அரை மணி நேரத்தை மாணவரிடம் விட்டுவிடலாம். முடித்த தாளின் பின்பக்கத்தில், இந்த விதிகளில் எதை மாற்றியிருப்பாய், ஏன் என்று நான்கு வரி எழுதச் சொல்லலாம். அடுத்த ஆண்டுக்கான அசைன்மென்ட் அந்த நான்கு வரிகளில் இருக்கும். இவை எதற்கும் தனியாகப் பணம் தேவையில்லை.

படித்து முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு படத்தைச் சட்டம் போடக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கி விளிம்புகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஓரம் விடாம வரைஞ்சிருக்கீங்களே சார். மவுண்ட் போட்டா நாலு பக்கமும் படத்தை மறைச்சுக்கும். ரெண்டு சென்டிமீட்டர் விட்டுட்டா ஒட்ட இடம் இருக்கும், கையில பிடிச்சாலும் கறை படாது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.